நீலகிரிச் சோலைக்கிளியும் பழனிமலைச் சோலைக்கிளியும் ஒன்றா, இரண்டா?

ஜனவரி 17, 2024 (வத்தலக்குண்டு வாசகர்)

பொங்கல் லீவுக்குப் பழனிமலைத் தொடரில் இருக்கிற கொடைக்கானல் போயிருந்தேன். வட்டக்கானல் பக்கம் ஒரு சோலை (மலைப் பள்ளத்து ஈரக் காடு) ஓரத்தில் காலையில் ஒரு குருவியைப் பார்த்தேன். முதுகு நீலம், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, நெஞ்சும் விலாவும் காவி நிறம். புத்தகத்தில் தேடினால், காவி விலா இருந்தால் அது நீலகிரிச் சோலைக்கிளி, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மட்டும்தான் இருக்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் கணவாய்க்குத் தெற்கே இருக்கிற கொடைக்கானலில் நான் பார்த்தது என்ன? என்னைக் கேட்டால் நீலகிரிச் சோலைக்கிளி, பழனிமலைச் சோலைக்கிளி இரண்டும் ஒரே பறவைதான். கொஞ்சம் நிறம் மாறியதற்காக இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே மாநிலம், ஒரே மாதிரிக் காடு, நடுவில் அரை நாள் பயணம். மலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 17, இரவு (கோத்தகிரி டீச்சர்)

தம்பி, விலா மட்டுமல்ல, நெஞ்சும் காவி என்கிறீர்கள். அப்படியானால் அது சோலைக்கிளியே இல்லை. நீலகிரியில் இருப்பதற்கும் சரி, பழனிமலையில் இருப்பதற்கும் சரி, தொண்டையும் நெஞ்சும் முதுகைப் போலவே சாம்பல் கலந்த கருநீலம். நீங்கள் பார்த்தது இமயமலையிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்கும் நீல ராபின். அதில் ஆணுக்கு முதுகு நீலம், புருவம் வெள்ளை, தொண்டையிலிருந்தே ஆரஞ்சு. சோலைக்கிளி இருக்கிற அதே சோலையில், அதே சருகில்தான் அதுவும் இரை தேடும். மங்கலான வெளிச்சத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம்.

படம் எடுத்திருந்தால் தொண்டையை மட்டும் பாருங்கள். காவி தொண்டையில் தொடங்கினால் ராபின்.

ஜனவரி 18

தம்பி படம் போட்டுவிட்டார். நீல ராபின்தான், ஆண். நல்ல படம்.

ஆனால் அவருடைய இன்னொரு கருத்து அப்படியே நிற்கிறது, அதாவது இரண்டு சோலைக்கிளியும் ஒன்றுதான் என்பது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். அப்புறம் நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்துவிட்டேன். இரண்டு மலையிலும் வீட்டுக்குப் பின்னால் சோலை இருந்த பாக்கியம் எனக்கு.

முதலில், கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைக்க வேண்டாம். சிட்டுக்குருவி அளவுள்ள, கால் நீண்ட, தரையில் தத்தித் திரிகிற பாடும் பறவை. சுமார் 15 சென்டிமீட்டர் இருக்கும். பூச்சியும் புழுவும்தான் ஆகாரம்.

பூம்பாறை வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும். சோலைச் செடிகள் தொட்டிச் சுவர் வரை வந்திருந்தன. பொழுது சாய்ந்து, காகமெல்லாம் அடங்கினபிறகு அங்கே ஒரு சோலைக்கிளி வரும். இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்துச் சருகைப் பார்க்கும், ஒரே கொத்து. வாலை விரித்துச் சுருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து அதன் புருவம்தான் முதலில் தெரியும். நெற்றியிலிருந்து கண்ணுக்கு மேலே போகும் வெள்ளை, அந்த இருட்டிலும் பளிச்சென்று இருக்கும். வயிற்றில் வெள்ளை மாவு அப்பினாற்போல ஒரு பட்டை. விலா முழுக்கச் சாம்பல் நீலம். காவி என்பது ஒரு துளி கிடையாது. இது வெண்வயிற்றுச் சோலைக்கிளி, அதாவது பழனிமலைச் சோலைக்கிளி.

கோத்தகிரிப் பறவைக்குப் புருவம் மங்கல். பார்த்துப் பழகாதவர்களுக்குக் கண்ணில் படாமலே போகலாம். விலாவில் மட்டும் செங்காவி, அதுவும் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போதுதான் தெரியும். நேருக்கு நேர் நின்றால் இறக்கை மறைத்துவிடும். வயிற்றின் நடுவில் வெள்ளை. இது நீலகிரிச் சோலைக்கிளி.

ஆண், பெண் வித்தியாசம் கேட்காதீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்வது மகா கஷ்டம். பழனிமலைப் பக்கத்துப் பறவையில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய ஆராய்ச்சியாளர்களே மரபணுச் சோதனை செய்ய வேண்டியிருந்தது.

ஜனவரி 21

"நிறம் மட்டும்தானே" என்று குன்னூரிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார். நிறம் மட்டுமல்ல.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருப்பீர்கள். மலை எங்கே போயிற்று என்று தெரியாமல் தட்டையாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்திருக்கும் மிகப்பெரிய வாசல் அது. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். வெயில், தென்னை, நெல்வயல், வேகமான காற்று. சோலைக்கிளி பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே, எப்போதும் ஈரமாக இருக்கும் காட்டுக்குள் வாழ்கிற பறவை. சோலையிலிருந்து வெளியே வந்து ஒரு புல்வெளியைத் தாண்டவே தயங்குகிற பறவை அந்த வெயிலுக்குள் இறங்கி அக்கரை ஏறுமா? ஏறவில்லை. மரபணுவை வைத்துப் பார்த்ததில் இந்த இரண்டு பக்கத்துப் பறவைகளும் ஏறக்குறைய 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று 2010இல் பறவை ஆராய்ச்சியாளர் வி. வி. ராபினும் அவருடன் வேலை பார்த்தவர்களும் எழுதினார்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே அரை நாள் பயணம் என்பது நமக்குத்தான் தம்பி.

அதே குழு 2015இல் இன்னும் பெரிதாகப் பார்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக்காடுகளில் வாழும் 23 வகைப் பறவைகளின் மரபணுவை எடுத்துப் பார்த்ததில் 10 வகைகளில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில்தான் விழுந்திருந்தது. மீதி 13இல் அப்படி இல்லை. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. ஒரே வாசல், ஒரே வெயில். சில பறவைகளுக்கு அது சமுத்திரம், சிலவற்றுக்கு வாய்க்கால். சோலைக்கிளிக்குச் சமுத்திரம்.

ஜனவரி 22

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: தெற்கே செங்கோட்டைக் கணவாயும் இதே வேலையைச் செய்திருக்கிறது, கொஞ்சம் பிந்தி. அதற்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கத்துச் சோலைக்கிளியை 2017இல் தனி இனமாகவே விவரித்தார்கள். ஆக இரண்டு கூட இல்லை, மூன்று என்றும் சொல்லலாம். 2017 கட்டுரையில்தான் இந்தப் பறவைகளுக்கென்று தனிப் பேரினமும் (நெருங்கிய இனங்களின் குழு) வந்தது. அதற்கு வைத்த பெயரே ஷோலிகோலா, நம் சோலையிலிருந்து எடுத்தது. அதற்கு முன்னால் எங்கோ இமயமலைப் பறவைகளோடு ஒட்டுக்குடித்தனம் வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 2

லாங்வுட் சோலை ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்துவிட்டது! அரியலூர்ப் பக்கத்துக் கரைவெட்டியும் சேர்ந்திருக்கிறது. கோத்தகிரியில் நேற்றிலிருந்து இதே பேச்சுத்தான். 116 ஹெக்டேர்தான் இந்தச் சோலை. எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற காடு. இதைச் சேர்த்ததற்குச் சொன்ன காரணங்களில் நீலகிரிச் சோலைக்கிளியும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 வகைப் பறவைகளில் 14 இந்தச் சின்ன இடத்தில் இருக்கின்றன.

சோலை என்றால் நீர்நிலையா என்று ஒரு பெரியவர் கேட்டார். சோலைக்குள் காலை வையுங்கள் ஐயா. மழை நின்று நாளானாலும் சருகுக்குக் கீழே பஞ்சைப் பிழிந்தால் வருகிற மாதிரித் தண்ணீர் கசியும். அந்த ஈரத்தில்தான் சோலைக்கிளியின் இரையும் இருக்கிறது. காடு காய்ந்தால் மண்ணில் புழு கீழே போய்விடும், பறவைக்கு எட்டாது.

பிப்ரவரி 11

பழைய பெயர்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக.

நீலகிரிப் பறவையை 1844இல் விவரித்தவர் ஜெர்டன், சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். பழனிமலைப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டு விவரித்தார். அவருக்கு மாதிரி கொடுத்தவர் ஃபேர்பாங்க் என்கிற அமெரிக்கப் பாதிரியார். பழனிமலைச் சிரிப்பான் என்கிற பறவைக்கு அறிவியல் பெயரில் இன்றும் இவர் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. ஆக, முதலில் இரண்டு தனிப் பறவைகளாகத்தான் எழுதினார்கள். அதன்பிறகு நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வகையாகச் சேர்த்துவிட்டார்கள். 2005இல் பறவை ஆராய்ச்சியாளர் பமேலா ராஸ்முசன் தன் பறவைக் கையேட்டில் மறுபடி பிரித்தார். மரபணு ஆராய்ச்சி அதற்குப் பின்னால் வந்து அதை உறுதி செய்தது. "இப்போதுதான் புதிதாகப் பிரித்துவிட்டார்கள்" என்பது பாதி உண்மை.

பிப்ரவரி 25

பாட்டு.

தூரத்திலிருந்து கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று மாதிரித்தான் இருக்கும். விடிவதற்கு முன்னால், வேறெந்தப் பறவையும் வாய் திறக்காதபோது, புதருக்கு அடியிலிருந்து சீழ்க்கையும் கரகரப்பும் கலந்து விடாமல் வரும். இவ்வளவு சத்தம் இந்தச் சின்ன உடம்பிலிருந்தா என்று தோன்றும். பாடும்போது தரையில் இருக்காது, கொஞ்சம் உயரமான கிளையில் ஏறிக்கொள்ளும். அப்போதும் இலைக்குப் பின்னால்தான்.

இரண்டு மலையிலும் கேட்டுப் பழகிய காதுக்கு வித்தியாசம் தெரிகிறது. ஆனால் என் காதை யாரும் நம்ப வேண்டாம், ஆராய்ச்சியே இருக்கிறது. பழைய கணவாய்களால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு ஒரு விதத்தில் மாறியிருக்கிறது, சமீபகாலக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு வேறு விதத்தில் மாறியிருக்கிறது என்று 2016இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவில் நாம் தோட்டம் போட்டதும் ஊர் கட்டியதும் பறவையின் பாட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மார்ச் 16

வத்தலக்குண்டுத் தம்பி மறுபடி கேட்கிறார்: "சரி டீச்சர், இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதனால் பறவைக்கு என்ன லாபம்? ஒன்று என்றாலும் காப்பாற்றத்தானே போகிறோம்?"

லாபம் இருக்கிறது. ஒரே இனம் என்று எண்ணினால் கர்நாடகத்துப் பாபாபுதன் மலையிலிருந்து அகத்தியமலை வரைக்கும் பரந்து கிடக்கிற பறவை என்று கணக்கு வரும். நீலகிரியில் குறைந்தால் என்ன, ஆனைமலையில் இருக்கிறதே என்று சொல்லிவிடலாம். இரண்டு என்று எண்ணினால் வடக்கே இருப்பது பாபாபுதன் மலையிலிருந்து நீலகிரி வரைக்கும் அங்கங்கே உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னக் கூட்டம் என்று தெரியும். அதனால்தான் அழிவு ஆபத்தை அளக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி "அழியும் ஆபத்தில்" என்ற இடத்திலும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு ஒரு படி கீழே "அழியக்கூடியது" என்ற இடத்திலும் இருக்கின்றன. இரண்டுமே கவலைக்குரியவை, ஆனால் நீலகிரிப் பறவைக்கு அவசரம் அதிகம்.

நீலகிரியில் இது ஒழிந்துபோனால் பழனிமலையிலிருந்து கொண்டுவந்து விட முடியாது. அது வேறு பறவை. கொடைக்கானலில் ஒழிந்தாலும் இதே கதை. ஒரு மலைக்கு இன்னொரு மலை ஜாமீன் நிற்க முடியாது. இந்த இழையில் நான் சொல்ல நினைக்கிற விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

மார்ச் 17

குடகு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அங்கேயும் நீலகிரிச் சோலைக்கிளிதான். பெயரில் நீலகிரி இருக்கிறதே தவிர நீலகிரியோடு நிற்கவில்லை.

ஏப்ரல் 7

தம்பி கொடைக்கானல் போய், பாம்பாறு சோலைப் பக்கம் பொழுது விடியும் முன்பே நின்று, இந்தத் தடவை உண்மையான வெண்வயிற்றுச் சோலைக்கிளியைப் பார்த்துவிட்டார். படத்தில் புருவமும் சாம்பல் விலாவும் தெளிவாக இருக்கின்றன. சந்தோஷம் தம்பி. ஜனவரியில் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இனி ஆயுசுக்கும் குழப்பம் வராது.

கூடு கட்டும் காலம் தொடங்குகிறது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. மரப் பொந்திலோ மண் சரிவில் இருக்கும் துளையிலோ பாசியும் வேரும் வைத்துக் கட்டும், இரண்டு முட்டை இடும். பாதையோரத்து மண் சரிவுகளில்கூடக் கட்டும் என்பதால் சோலைப் பாதையில் நடக்கிறவர்கள் கரையைக் கிளற வேண்டாம்.

மே 3

உதகையில் 29 டிகிரி. வெயிலே தெரியாத ஊரில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவே காடு எரிகிறது. அந்தச் சாலையில் பேருந்தில் போய்வந்தவள் நான். பழைய மாணவன் ஒருவன் போன் செய்து, வீட்டு வாசலில் சாம்பல் வந்து விழுகிறது என்றான். அவர்கள் வீட்டில் பூண்டு விவசாயம். இந்த வருஷப் பூண்டு என்ன ஆகும் என்று அவனுக்குக் கவலை, அடைகாக்கிற பறவை என்ன ஆகும் என்று எனக்கு. இரண்டு கவலையும் நியாயமானவைதான்.

சோலை சாமானியமாகத் தீப்பிடிக்காது, உள்ளே அவ்வளவு ஈரம். எரிவது பெரும்பாலும் காய்ந்த புல்லும், வெளியூர் மரங்கள் உதிர்த்த சருகும்தான். ஆனால் தீ சோலையின் விளிம்பைத் தின்னும். விளிம்பில்தான் புதர் அடர்த்தி, புதரில்தான் சோலைக்கிளி.

7ஆம் தேதியிலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். நான் வரவேற்கிறேன்.

மே 19

இது நீளமான குறிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள். சீகை மரம் பற்றி இங்கே ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது. "அந்நிய மரத்தை வேரோடு பிடுங்கு" என்று ஒரு பக்கம், "இருக்கிற பச்சையை ஏன் வெட்டுகிறாய்" என்று இன்னொரு பக்கம்.

வாட்டில் என்கிற சீகையும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வெள்ளைக்காரன் விறகுக்குக் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமே தோல் பதனிடவும் காகிதக் கூழுக்கும் என்று மலை மலையாக நட்டோம். நட்ட இடம் பெரும்பாலும் புல்வெளி. அன்றைக்குப் புல்வெளி என்றால் சும்மா கிடக்கிற தரிசு என்று நினைப்பு. பழனிமலையில் நாற்பது வருஷத்துக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு சொன்னது. புல்வெளிக்கென்றே வாழ்கிற நெட்டைக்காலி போன்ற பறவைகளுக்கு இது பேரிடி.

இந்த மலைகளின் அமைப்பே மேட்டில் புல், பள்ளத்தில் சோலை. மேட்டுப் புல் மழையை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்கு விடும். புல்லை எடுத்துவிட்டுச் சீகையை வைத்தால் பள்ளத்துச் சோலைக்கும் தண்ணீர் குறையும். ஆகவே சீகையை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது, நல்ல விஷயம்.

ஆனால் பூம்பாறை, கூக்கால் பக்கம் பழைய சீகைத் தோப்புக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். மேலே சீகை வயசாகிச் சாய்ந்து கிடக்கும். கீழே குனிந்து பார்த்தால் சோலைக் கன்றுகள். நாவல் வகைகள், சோலைக் குறிஞ்சிப் புதர்கள், பெரணி. பறவைகள் பழம் தின்று போட்ட விதை, சீகை நிழலில் உறைபனி படாமல் முளைத்திருக்கிறது. சோலைக்குப் பக்கத்தில் இருக்கிற தோப்புகளில் இப்படி நிறைய. அங்கே சோலைக்கிளி பாடுவதையும் கேட்டிருக்கிறேன். அதற்கு மேலே இருக்கும் மரம் எந்த நாடு என்று கவலை இல்லை. தலைக்கு மேல் நிழல், காலடியில் ஈரச் சருகு, இடுப்பளவு புதர், இந்த மூன்றும் இருந்தால் போதும்.

அந்த மாதிரித் தோப்புக்குள் இயந்திரத்தை விட்டு மொத்தமாகச் சாய்த்தால் கன்றும் போகும், புதரும் போகும். வெட்டவெளியான மண்ணில் மறுபடி முதலில் முளைப்பது எது? சீகை விதைதான். அது மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்கும், வெளிச்சம் பட்டால் எழும். புல்வெளி மேட்டில் புதிதாகப் பரவுகிற சீகையை உடனே பிடுங்க வேண்டும், சோலையை ஒட்டிய பழைய தோப்பில் கன்றுகளுக்கு வழிவிட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இடத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

மே 20

நேற்றைய குறிப்புக்கு நிறையப் பேர் "அப்போ சீகை நல்லதுதானே" என்று எழுதிவிட்டார்கள். அப்படி நான் சொல்லவில்லை. ஒரு வீடு இடிந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கிறோம். திண்ணை போதும் என்று வீட்டைக் கட்டாமல் விடுவோமா?

இன்னொன்றும் யோசித்தேன். நீலகிரிக்கும் பழனிமலைக்கும் இதில் வித்தியாசம் இருக்கிறது. பழனிமலையில் மேல்மலை முழுக்கப் பெரிய பெரிய மரத்தோப்புகள், அதற்குள் சோலைத் துண்டுகள். அதனால் தோப்பை எப்படிக் கையாள்கிறோம் என்பதுதான் அங்கே பறவையின் தலையெழுத்து. கோத்தகிரி, குன்னூர் பக்கம் சோலையைச் சுற்றி இருப்பது தேயிலை. தேயிலைக்குள் சோலைக்கிளிக்கு ஒரு வேலையும் இல்லை. செடிக்கு அடியில் சருகு இல்லை, வெயில் நேராக இறங்கும், மருந்து வேறு அடிக்கிறார்கள். இங்கே ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவில் ஓடைக்கரையோரம் ஒரு கோடு புதரை விட்டுவைத்தாலே பெரிய விஷயம். ஆக, இரண்டு மலைக்கும் ஒரே திட்டம் போட்டால் ஏதாவது ஒன்றுக்குப் பொருந்தாது.

ஜூன் 9

கோபமாக எழுதுகிறேன்.

போன வாரம் சோலை ஓரத்தில் மூன்று பேர், பெரிய லென்ஸ், கையில் ஸ்பீக்கர். சோலைக்கிளியின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். தன் எல்லைக்குள் வேறு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை புதரைவிட்டு வெளியே வந்து, கிளைக்குக் கிளை தாவி, வாலை விரித்து நின்றது. அவர்களுக்குப் படம் கிடைத்தது. அது முடிந்தும் நிறுத்தவில்லை, "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரட்டும்" என்றார் ஒருவர். ஜூன் மாதம். குஞ்சு இருக்கிற பறவை இரை தேடாமல், இல்லாத எதிரியோடு காலை முழுக்க மல்லுக்கட்டுகிறது. வயதில் மூத்தவள் என்ற உரிமையில் நேராகப் போய்ச் சொன்னேன், நிறுத்தினார்கள்.

படம் வேண்டுமா? ஒரு இடத்தில் அசையாமல் உட்காருங்கள். மங்கின நிறத்தில் உடை. விடிகாலையோ சாயங்காலமோ. பாதையோரத்துக்கு அதுவாகவே வரும். பாட்டைப் போட்டு வரவழைத்த படத்தை இங்கே போடுகிறவர்களைப் பாராட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 15

சிரிப்பான்களையும் இப்படி ஒப்பிட்டு எழுதச் சொல்லி ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறாள். சுலபம் அம்மா, சோலைக்கிளி மாதிரி ஒளிந்து விளையாடாது. நீலகிரிச் சிரிப்பானுக்கு முகவாய் கருப்பு, புருவம் அகலமான வெள்ளை, நெஞ்சிலிருந்து வயிறு வரை செம்பழுப்பு. பழனிச் சிரிப்பானுக்குத் தொண்டையும் நெஞ்சும் சாம்பல், அதில் மெல்லிய கீற்றுகள், வயிறு மட்டும் செம்பழுப்பு. இந்த ஜோடியையும் பிரித்தது அதே பாலக்காட்டுக் கணவாய்தான். வயநாட்டுப் பக்கம் பாணாசுரமலையில் ஒன்று, அகத்தியமலைப் பக்கம் ஒன்று, ஆக மொத்தம் நான்கு.

குணத்தில்தான் பெரிய வித்தியாசம். சிரிப்பான் கூட்டமாகத் திரியும், தவிட்டுப்பழம் பழுத்தால் வேலி வரைக்கும் வரும், உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து கத்தும். பழம் தின்கிற பறவை என்பதால் விதையைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் போடும். சீகைத் தோப்புக்குள் சோலைக் கன்று முளைப்பதில் இதன் பங்கும் உண்டு. சிரிப்பான் விதைத்த புதரில் சோலைக்கிளி ஒளிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் சிரிப்பான் கத்துகிறதே, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சோலைக்கிளி அந்தத் தோட்டத்துக்கு வராது.

செப்டம்பர் 29

வட்டக்கானலில் சின்னதாகத் தங்கும் விடுதி வைத்திருப்பவர், இடத்தின் பின்பக்கம் சோலையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, என்ன செய்யலாம், எதை நடலாம் என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கே நன்றி ஐயா. அதே பக்கத்தில் இன்னொரு விடுதியில் "காடு சுத்தமாக இருக்கட்டும்" என்று கீழ்ச்செடி முழுக்க வெட்டிப் புல்தரை போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த கோடையில் அங்கே பாட்டு இல்லை.

நடுவதைவிட விடுவதுதான் முக்கியம். சோலைப் பக்கத்துச் சருகைக் கூட்டாதீர்கள். இடுப்பளவுப் புதரை வெட்டாதீர்கள், விருந்தாளிக்குக் காட்சி வேண்டும் என்றால் மாடியில் நாற்காலி போடுங்கள். ராத்திரி விளக்கு சோலையைப் பார்த்து இருக்க வேண்டாம். பூனை இருந்தால் விடிகாலையிலும் அந்தியிலும் வீட்டுக்குள் வையுங்கள், தரையில் திரிகிற பறவைக்கு அதுதான் எமன். சாப்பாட்டு மிச்சத்தைப் பின்பக்கம் கொட்டினால் குரங்கும் காட்டுப்பன்றியும் வந்து மண்ணைக் கிளறிவிடும்.

இதையும் மீறி வெற்றிடம் இருந்தால் உங்கள் சோலையிலேயே மரத்தடியில் விழுந்த விதையை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு எடுத்து நாற்று விடுங்கள். உங்கள் பக்கத்திலேயே வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் சோலை மர நாற்றும் புல்வெளிச் செடியும் வளர்த்த அனுபவம் உள்ளவர்கள், அவர்களைப் பார்த்துப் பேசுங்கள். நீலகிரியிலிருந்து நாற்று கொண்டுவர வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடித்துக்கொள்ளும், குழியை அதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள். உறைபனி மாதங்களில் கன்றைச் சுற்றிக் காய்ந்த பெரணியைப் போர்த்துங்கள்.